ட்ரெய்ல் பெயர் போன கதை

வட அமெரிக்க ஈப்பிடிப்பான்களில் எம்பிடோனாக்ஸ் என்றொரு பேரினம் உண்டு. கிரேக்கச் சொற்களைக் கோத்த பெயர். கொசுக்களின் அரசன் என்று பொருள். அரசனுக்குரிய பகட்டு எதுவும் இவற்றிடம் இல்லை. சிட்டுக்குருவியில் பாதி எடை, மங்கிய பச்சை முதுகு, சிறகில் வெளிறிய இரண்டு கோடு. ஓர் இனத்துக்கும் அடுத்த இனத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண் போதாது.

ஆர்கன்சா ஆற்றங்கரையில் கிடைத்த ஒன்றை ஓவியர் ஆடுபன் 1828இல் புதிய இனமாக அறிவித்து, அதற்கு 'ட்ரெய்ல் ஈப்பிடிப்பான்' என்று பெயரிட்டார். தாமஸ் ஸ்டூவர்ட் ட்ரெய்ல் ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். 1826இல் தன் ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு ஆடுபன் லிவர்பூலில் இறங்கியபோது ஆதரித்தவர்களில் ஒருவர். நன்றிக்கடனைப் பறவையின் பெயரால் தீர்த்தார் ஆடுபன்.

ஆனால் அந்தப் பெயருக்குள் இரண்டு பறவைகள் இருந்தன. ஒன்று 'ஃபிட்ஸ்-பியூ' என்று தும்முவது போலப் பாடும். மற்றது 'ஃபீ-பீ-ஓ' என்று இழுக்கும். ஒரே இனத்துக்கு இரண்டு பாட்டு என்றே வெகுகாலம் நினைத்தார்கள். பறவையியலாளர் ராபர்ட் ஸ்டைன் இரண்டின் பாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்தார், கூடுகளையும் ஒப்பிட்டார். இவை இரண்டு இனம் என்று 1963இல் எழுதினார். 1973இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் அதை ஏற்றது. தும்மும் பறவை வில்லோ ஈப்பிடிப்பான் ஆனது. வடக்கே ஆல்டர் புதர் மண்டிய சதுப்பில் வாழும் மற்றது ஆல்டர் ஈப்பிடிப்பான் ஆனது. பறவைக்கு அதன் வீட்டையே பெயராகக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த காரியம். அதிகாரபூர்வமாக ட்ரெய்லின் பெயர் வில்லோவின் அறிவியல் பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

பாட்டை வைத்து இனம் பிரித்தது சரிதானா? பறவையியலாளர் டொனால்ட் க்ரூட்ஸ்மா இரண்டு இனத்தின் குஞ்சுகளையும் எடுத்து வளர்த்து, இதற்கு அதன் பாட்டையும் அதற்கு இதன் பாட்டையும் போட்டுக் காட்டினார். வளர்ந்ததும் ஒவ்வொன்றும் தன் இனத்தின் பாட்டையே பாடியது. அது பிறவியிலேயே வந்தது என்று 1984இல் எழுதினார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

பாடாமல் உட்கார்ந்திருக்கும் பறவையைத்தான் இன்னும் பிரிக்க முடியவில்லை. அப்படி ஒன்று எதிர்ப்பட்டால், பறவை பார்ப்பவர்கள் குறிப்பேட்டில் இன்றும் எழுதுவது: ட்ரெய்ல்.