மைக்ரோசாஃப்டின் இரண்டு கணக்குப் புத்தகங்கள்

2011 டிசம்பர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குயின்சி என்று ஒரு சின்ன விவசாய ஊர். பக்கத்தில் கொலம்பியா ஆறு, அதில் அணைகள், மலிவான நீர்மின்சாரம். அந்த மின்சாரத்துக்காகவே மைக்ரோசாஃப்ட் அங்கே போய் டேட்டா சென்டர் கட்டியிருந்தது. எவ்வளவு மின்சாரம் வாங்கப்போகிறோம் என்று மின்வாரியத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த முறை சொன்னதைவிடக் குறைவாகவே செலவாகிவிட, 2,10,000 டாலர் அபராதம் வந்தது.

நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? எந்த வேலைக்கும் இல்லாமல், மின்சாரத்தைச் சும்மா எரித்துத் தள்ள ஆரம்பித்தது! கடைசியில் மின்வாரியம் இறங்கி வந்து அபராதத்தை 60,000 டாலராகக் குறைத்தது. 2012 செப்டம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' இதை விரிவாக எழுதியது.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சம்பவத்துக்கும் அந்தச் செய்திக்கும் நடுவில், 2012 மே மாதத்தில்தான், ஜூலை முதல் 'கார்பன் நியூட்ரல்' ஆகப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது.

அதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு வரி போட்டார்கள். ஒவ்வொரு பிரிவும் தான் செலவழிக்கும் மின்சாரத்துக்கும், ஊழியர்களின் விமானப் பயணத்துக்கும், டன் கணக்கில் தலைமையகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் பசுமை மின்சாரம், மரம் நடும் திட்டங்கள் என்று வாங்குவார்கள். 2019-ல் இந்தக் கட்டணம் டன்னுக்கு 15 டாலர் ஆனது. காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இதன் அழகு உடனே புரியும். யாருடைய கணக்கிலும் ஏறாமல் இருந்த புகை, முதன்முறையாக ஒரு மேனேஜரின் பட்ஜெட்டில் செலவாக ஏறியது.

அடுத்தது 2020 ஜனவரி 16. சத்யா நாதெல்லாவும் பிராட் ஸ்மித்தும் மேடையேறி, 2030-க்குள் தாங்கள் வெளியிடுவதைவிட அதிகமான கரியமில வாயுவைக் காற்றிலிருந்து நீக்குவோம் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. 1975-ல் நிறுவனம் தொடங்கிய நாள் முதல் நேரடியாகவும் மின்சாரம் மூலமாகவும் வெளியிட்டது அத்தனையையும் 2050-க்குள் திரும்ப எடுத்துவிடுவோம் என்றார்கள். பழைய கடனை வட்டி கேட்காமலேயே ஒப்புக்கொண்ட பெரிய நிறுவனங்கள் அபூர்வம். பாராட்டத்தான் வேண்டும்.

அன்று அவர்கள் கொடுத்த கணக்கு: அந்த ஆண்டுக்கு மொத்தம் சுமார் 1.6 கோடி டன். இதில் மூன்று வகை. ஒரு ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடுப்புப் புகை 'ஸ்கோப் 1', கரண்ட் பில்லுக்குப் பின்னால் இருக்கும் புகை 'ஸ்கோப் 2', வாங்கும் அரிசி, பருப்பு, மேஜை, நாற்காலி, கட்டிடம் ஆகியவற்றின் புகை 'ஸ்கோப் 3'. மைக்ரோசாஃப்டுக்கு முதல் வகை 1 லட்சம் டன், இரண்டாவது 40 லட்சம், மூன்றாவது 1.2 கோடி. அதாவது முக்கால்வாசிப் புகை அடுத்தவர் தொழிற்சாலையில்!

2024-ல் வெளியான அறிக்கையில் 2023 நிதியாண்டுக் கணக்கு வந்தது. 2020-ஐவிட மொத்தம் 29.1 சதவீதம் அதிகம். காரணம் ஸ்கோப் 3. ஏ.ஐ.-க்காக அடுத்தடுத்துக் கட்டிய டேட்டா சென்டர்களின் சிமெண்ட், இரும்பு, சிப்கள். சொந்தப் பிரிவிடம் வரி வசூலிப்பது சுலபம், சிமெண்ட் கம்பெனியின் சூளையை மாற்றுவது சுலபமில்லை. ஆனால் ஸ்கோப் 1, 2 இரண்டும் சேர்ந்து 6.3 சதவீதம் குறைந்தன என்று அதே அறிக்கை சொன்னது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மின்சாரப் புகைக்கு இரண்டு விதமாகக் கணக்கு எழுதலாம், இரண்டும் விதிப்படி சரியானவைதான். டேட்டா சென்டருக்கு உண்மையில் கரண்ட் வரும் கிரிட்டில் எவ்வளவு நிலக்கரியும் எரிவாயுவும் எரிகிறது என்று பார்ப்பது ஒன்று. எங்கோ ஒரு காற்றாலையோடு ஒப்பந்தமோ சான்றிதழோ வாங்கி, அந்த அளவைக் கழித்துக்கொள்வது மற்றொன்று. 6.3 சதவீதக் குறைவு இரண்டாவது புத்தகத்தில். அதில் 2023-க்கான மின்சாரப் புகை சுமார் 4 லட்சம் டன். முதல் புத்தகத்தில் அதே ஆண்டுக்கு சுமார் 80 லட்சம் டன். 2020-ல் மேடையில் சொன்ன 40 லட்சம் இந்த முதல் புத்தகத்தின் எண். அப்படிப் பார்த்தால் குறையவில்லை, இரட்டிப்பாகியிருக்கிறது.

எண்கள் எதையும் அவர்கள் மறைக்கவில்லை, இரண்டும் அவர்களே வெளியிட்டவை. ஆனால் தலைப்புச் செய்திக்குப் போனது 6.3 தான்.

சரி, நீக்கும் பக்கம்? அதிலும் சிக்கல். ஆரம்பத்தில் காடுகளை நம்பினார்கள். 2021 ஜூலையில் ஓரிகன் மாநிலத்தில் 'பூட்லெக்' காட்டுத்தீ வந்தபோது, மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்திருந்த காடும் சேர்ந்து எரிந்தது. வரவு வைத்த மரம் புகையாகிவிட்டால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மின்சாரத்துக்கு இப்போது அணு உலை. 1979-ல் விபத்து நடந்த பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டில், விபத்துக்குள்ளாகாத முதல் உலை 2019-ல் நஷ்டத்தால் மூடப்பட்டது. அதைத் திரும்ப ஓடவிட்டு, 835 மெகாவாட்டை 20 வருடம் வாங்கிக்கொள்ள 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் ஆனது.

2025 அறிக்கையில் மொத்த உயர்வு 23.4 சதவீதமாக இறங்கியது. அதே காலத்தில் மின்சக்திப் பயன்பாடு 168 சதவீதமும், வருமானம் 71 சதவீதமும் கூடியதாம். வருமானத்தோடு ஒப்பிட்டால் புகை மெதுவாகத்தான் வளர்கிறது என்பது அவர்கள் வாதம். வளிமண்டலம் வருமானத்தால் வகுத்துப் பார்ப்பதில்லையே!

காற்றிலிருந்து நீக்கும் பொறுப்பை விலைக்கு வாங்குவதில் மைக்ரோசாஃப்ட் உலகிலேயே முதலிடத்தில் வந்தது உண்மை. 2024 மே மாதம் ஸ்டாக்ஹோம் எக்ஸெர்ஜி என்ற ஸ்வீடன் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் 33 லட்சம் டன்னுக்கானது. அது பத்து வருடத்துக்கான அளவு. முதல் புத்தகத்தின்படி, 2023-ல் மின்சாரத்தால் மட்டும் ஐந்து மாதத்தில் வெளியான அளவும் அதுதான்.