படத்துக்குப் பெயரிடுதல்

1793ல் ஃபாப்ரீஸியஸ் இருநூறுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகளுக்கு அவற்றைப் பார்க்காமலே பெயர் வைத்தார். அவர் பார்த்தது படங்களை. லண்டன் செல்ஸீயில் ஒயின் வியாபாரியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், பிறருடைய சேகரிப்புகளிலிருந்த பூச்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்து வைத்திருந்தார். ஆறு தொகுதிகள். இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கின்றன. அந்தத் தாள்களைப் புரட்டித்தான் ஃபாப்ரீஸியஸ் தன் லத்தீன் வரிகளை எழுதினார்.

இதே ஃபாப்ரீஸியஸுக்குப் பதினெட்டு வருஷங்களுக்கு முன் வேறு வழி இருந்தது. 1768ல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் வைத்தியராக வந்த கோனிக், ஃபாப்ரீஸியஸைப் போலவே லின்னேயஸின் மாணவர். அவர் இங்கிருந்து அனுப்பிய பூச்சிகள் 1775ல் வெளிவந்த நூலில் இடம்பெற்றன. அப்போது கையில் உடல் இருந்தது. 1793ல் உடலின் சாயல்தான் இருந்தது. ஜோன்ஸ் சிறகின் இரு பக்கங்களையும் வரைந்தவர், நரம்பமைப்பை வைத்து வண்ணத்துப்பூச்சிகளை வகைப்படுத்த முயன்று 1794ல் கட்டுரையும் எழுதியவர். கண் அவ்வளவு கூர்மை. ஆனாலும் அவர் பார்க்காமல் விட்டதை ஃபாப்ரீஸியஸும் பார்த்திருக்க முடியாது. பிறகு மூலப் பூச்சிகள் பலவும் தொலைந்துபோயின. படங்கள் மிஞ்சின.

இந்த நிலைமைக்கு விலங்கியல் பெயரிடல் விதிகள் சொல்லும் தீர்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. படம் ஆதாரமல்ல, படத்தில் இருக்கும் அந்தப் பூச்சியே ஆதாரம், அது அழிந்துபோயிருந்தாலும். அதாவது பெயர், சித்திரத்தைத் துளைத்துக்கொண்டு இல்லாத ஒன்றின் மீது போய் அமர்கிறது. நம் விமர்சகர்களில் எத்தனை பேர் ஒரு கவிதையின் அச்சுப் பிரதிக்கும் கவிதைக்கும் இடையே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்வார்கள்?

புகைப்படம் வந்ததும் சங்கடம் தீர்ந்துவிடவில்லை. ஆரம்பகாலத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே வசப்பட்டன. நீலம் வெளுத்து விழும், மஞ்சளும் சிவப்பும் கறுத்து விழும். 1873ல் ஃபோகல் சாயம் கலந்து தகட்டின் பார்வையைப் பச்சை வரை நீட்டினார். சிவப்பு வசப்பட இன்னும் நாளாயிற்று. மஞ்சள் சிறகு கரியாகத் தெரியும் படத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்தத் தகட்டுக்கு அதுதான் உண்மை.

1927ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்ட எவான்ஸின் நூல் இந்தியப் பூச்சிகளை இனங்காண இன்றும் அடிப்படை. அளவு இத்தனை, நரம்பு இங்கே பிரிகிறது என்று படிப்படியாக இறங்கும் அட்டவணைகள். ராணுவக்காரரின் ஒழுங்கு. ஆனால் அது செத்து, சிறகு விரித்து, ஊசி குத்தப்பட்ட பூச்சியைக் கையில் வைத்திருப்பவனுக்கானது. படத்தில் பூச்சி உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் சிறகை மூடியிருக்கிறது. அளவுகோல் கிடையாது. சாதாரண மஞ்சள் பூச்சியிலேயே, முன்சிறகின் அடிப்பக்கத்துச் செல்லில் புள்ளி இரண்டா மூன்றா என்பதில் இனம் மாறிவிடும். அந்த இடத்தைப் பின்சிறகு மறைத்திருந்தால் அவ்வளவுதான்.

சமீபத்தில் ராயபுரத்தில் நண்பர் ஒருவர், பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர், கைபேசியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். பின்னால் கொடியில் வெளுத்த துணி காய்கிறது. அந்த வெள்ளைக்குக் காமிரா தன்னைச் சரிசெய்துகொண்டதில் பூச்சி இருண்டுபோயிருந்தது. சிறகு விரிந்திருந்தும் செம்பழுப்பு, கறுத்த நுனி, வெள்ளைப் பட்டை என்பதற்கு மேல் தெரியவில்லை. எருக்கஞ்செடி மட்டும் துல்லியம். நான் உடனே ‘பிளெய்ன் டைகர்’ என்றேன். எருக்கு அதன் புழுவின் உணவு.

அடுத்த நொடி எடுத்த இன்னொரு படமும் இருந்தது. அதில் பூச்சி கொஞ்சம் திரும்பியிருந்தது. பிளெய்ன் டைகருக்குப் பின்சிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளிகள், ஆணுக்கு நான்கு. இதில் நடுவே ஒன்றுமில்லை, முன்விளிம்பில் ஒரே ஒரு புள்ளி. அது டானெய்ட் எக்ஃப்ளையின் பெண். எருக்கின் விஷம் ஏறிய பூச்சியைப் பறவைகள் தொடாது என்பதால் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டிருப்பது. இதன் புழு தின்பது தரையில் படரும் பருப்புக்கீரை. லின்னேயஸ் முன்னதற்கு 1758லும் இதற்கு 1764லும் பெயர் வைத்தார்.

நான் பூச்சியை வாசிக்கவில்லை, எருக்கை வாசித்திருக்கிறேன். பாங்க்கில் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு காசோலையை ஒப்பிடும் வேலையில் இந்தத் தவறைச் செய்திருந்தால் மெமோ வந்திருக்கும். எதிரே நிற்பவர் தெரிந்தவர் என்பதால் கையெழுத்தின் சுழிப்பைப் பார்க்காமல் விடுவது அங்கே மன்னிக்கப்படுவதில்லை. இலக்கியத்தில் அதற்கு ரசனை என்று பெயர். கவிஞன் பெயரைப் பார்த்ததுமே கவிதையைப் பூர்த்திசெய்துகொள்கிறோம். இல்லாத மூன்று புள்ளிகளை நான் முதல் படத்தில் கண்டதாகவே இப்போதும் ஞாபகம் சொல்கிறது.

முதல் படம் மட்டும் இருந்திருந்தால் சொல்லக்கூடிய சரியான பதில் ‘இரண்டில் ஒன்று’ என்பதுதான். மாஸ்டரிடம் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“எருக்குலதானுங்க சார் உக்காந்திருக்குது, வேற என்னவா இருக்கும்?”