கிரேட் அலிகெனி பாசேஜ்

கிரேட் அலிகெனி பாசேஜ் என்பது ஐக்கிய அமெரிக்காவில் அலிகெனி மலைகளைக் கடந்து செல்லும் ஒரு மிதிவண்டி மற்றும் நடைப் பாதை ஆகும். மேரிலாந்தின் கம்பர்லாந்து நகரையும் பென்சில்வேனியாவின் பிட்சுபர்க் நகரையும் இணைக்கும் இதன் நீளம் சுமார் 241 கி.மீ. மகிழுந்துகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இதில் அனுமதி இல்லை.

வரலாறு

இதன் பெரும்பகுதி கைவிடப்பட்ட தொடர்வண்டித் தடங்களின் மீது அமைந்தது. மலைப்பகுதியில் வெஸ்டர்ன் மேரிலாந்து இரயில்வே 1912 இல் அமைத்த தடம் 1975 இல் கைவிடப்பட்டது. பாதையின் முதற்பகுதி 1986 இல் திறக்கப்பட்டது. 2013 இல் முழுப்பாதையும் நிறைவுற்றது.

ஏற்றம்

சரக்கு வண்டிகளால் செங்குத்தான ஏற்றங்களில் ஏற இயலாது. எனவே பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளின் குறுக்கே பாலங்கள் அமைத்தும் சரிவைக் குறைத்தனர். அதன் பயனை இன்று மிதிவண்டிப் பயணிகள் பெறுகின்றனர். கம்பர்லாந்திலிருந்து சுமார் 38 கி.மீ. தொலைவிலுள்ள உச்சி, கடல் மட்டத்திலிருந்து 729 மீ. உயரத்தில் உள்ளது. எனினும் அங்கு செல்லும் தடத்தின் சரிவு 2 விழுக்காட்டை எட்டுவதில்லை. பிட்சுபர்க்கிலிருந்து வருவோருக்கு ஏற்றம் இதனினும் குறைவு. ஆகவே மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் இம்மலைகளைக் கடக்க இயலும்.

உச்சிக்கு அருகிலுள்ள பிக் சாவேஜ் சுரங்கம் சுமார் 1 கி.மீ. நீளமானது. பனி உறைந்து சேதம் ஏற்படாதிருக்க, குளிர்காலத்தில் இதன் கதவுகள் மூடப்படுகின்றன. அப்போது முழுப்பாதையையும் தொடர்ச்சியாகக் கடக்க இயலாது.

இணைப்பு

கம்பர்லாந்தில் செசபீக்-ஒகையோ கால்வாய்க் கரைப்பாதை இதனுடன் இணைகிறது. சுமார் 297 கி.மீ. நீளமுள்ள அப்பாதை வழியாக வாசிங்டன், டி. சி. வரை செல்லலாம்.