தோமியே பிறந்த கதை

ஜப்பானியத் திகில் சித்திரக்கதைக் கலைஞர் ஜுன்ஜி இட்டோ நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, உடன் படித்த பையன் ஒருவன் இறந்துபோனான். நேற்றுவரை பார்த்த முகம் இனி இல்லை என்பதை இட்டோவால் நம்பவே முடியவில்லை. எந்த நேரமும் அவன் வந்து நிற்பான் என்றே தோன்றிக்கொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். துக்க வீட்டுக்குப் போய்வந்த யாருக்கும் இந்த நினைப்பு ஒருமுறையாவது வந்திருக்கும். உலகம் முழுக்க வாசகர்களை உறங்கவிடாமல் செய்த ஒரு பாத்திரம் இந்தச் சாதாரண நினைப்பிலிருந்துதான் பிறந்தது.

இட்டோ 1963இல் ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் பிறந்தவர். அக்காமார் இருவர் வாங்கிப் படித்த இதழ்களில் கசுவோ உமேசு, ஷினிச்சி கோகா ஆகியோரின் திகில் மாங்காக்கள், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைகள், வந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடம் போகும் முன்பே அவற்றைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வளர்ந்தபின் பிழைப்புக்குச் செய்தது, செயற்கைப் பல் செய்து தரும் பல் தொழில்நுட்பர் வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டே ஒரு கதை வரைந்து, பெண் பிள்ளைகளுக்கான திகில் இதழான ‘ஹாலோவீன்’ மாத இதழின் உமேசு பரிசுப் போட்டிக்கு அனுப்பினார். சிறுவயதில் அவரைப் பயமுறுத்திய உமேசுவே அங்கே நடுவர்களில் ஒருவர். முதல் பரிசு கிடைக்கவில்லை, பாராட்டுக்குரிய படைப்பு என்ற இடம் கிடைத்தது. 1987இல் கதை அச்சேறியது.

அந்தக் கதையில் பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் தோமியே என்ற மாணவி மேட்டிலிருந்து விழுகிறாள். தனக்கும் அவளுக்கும் இருந்த உறவு வெளியே வந்துவிடும் என்று அஞ்சும் ஆசிரியர், அவளைத் துண்டுதுண்டாக வெட்டச் செய்கிறார். வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டை எடுத்துப்போய் மறைக்கிறார்கள். இறுதிச் சடங்கு முடிந்தபின் வகுப்பறைக் கதவு திறக்கிறது. தாமதமாக வந்த மாணவியைப் போல, ஒன்றுமே நடக்காதவளாகத் தோமியே உள்ளே வருகிறாள்.

இறந்த நண்பன் திரும்பி வருவான் என்ற பழைய எதிர்பார்ப்புதான் இது. ஆனால் ஆசையாக இருந்தது இங்கே தண்டனையாகிவிட்டது. அவள் ஆவியாக வரவில்லை, பழிவாங்கப் போவதாகச் சொல்லவும் இல்லை. வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமுமாக வரும் பேய்க்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தீர்த்துவைத்தால் போய்விடும். தோமியேவிடம் தீர்த்துவைக்க எதுவுமில்லை. ஆகவே போக்கவும் வழியில்லை.

கதைக்கு இன்னொரு வித்து பல்லி வால். அறுந்த வால் மறுபடி முளைப்பதை இட்டோ எடுத்துக்கொண்டார். ஆனால் பல்லிக்குத்தான் வால் முளைக்கும், வாலுக்குப் பல்லி முளைக்காது. இட்டோவின் உலகில் அதுவும் நடக்கிறது. வெட்டிப் போட்ட ஒவ்வொரு துண்டும் ஒரு முழுத் தோமியே ஆகிறது. பிந்தைய கதையொன்றில் அவளுடைய சிறுநீரகத்தை வேறொரு பெண்ணுக்குப் பொருத்துகிறார்கள். அந்தப் பெண் மெல்ல மெல்லத் தோமியேவாக மாறிவிடுகிறாள். பெருகிய தோமியேக்களுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. தானே அசல் என்று ஒருத்தி மற்றவளை வெறுக்கிறாள்.

இந்த ரத்தத்தை எல்லாம்விட என்னை அதிகம் உலுக்குவது அவளுடைய முகம். நீண்ட கருங்கூந்தல், இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம், அலட்சியமான பார்வை. விலையுயர்ந்த தின்பண்டம் கேட்பாள், கொண்டுவந்தால் குறை சொல்வாள். அவள் கத்தி எடுப்பது அரிது. அவள்மேல் பித்தாகும் ஆண்கள்தாம் கடைசியில் அவளை வெட்டுகிறார்கள். ‘புகைப்படம்’ கதையில் ஒரு மாணவி அவளைப் படம் எடுக்கிறாள். கழுவிப் பார்த்தால் அழகான முகத்தின் பக்கவாட்டிலிருந்து இன்னொரு விகார முகம் கிளம்பியிருக்கிறது. இட்டோ அந்த விகாரத்தை அவசரமாகக் கிறுக்குவதில்லை. மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கி, அழகை வரைந்த அதே பொறுமையோடு வரைகிறார். அதனால்தான் அருவருத்தாலும் கண்ணை எடுக்க முடிவதில்லை. அந்த விகாரம் தெரியும் கட்டம் பெரும்பாலும் பக்கத்தைப் புரட்டிய பிறகே வரும். புரட்டுவது நம் கை. சினிமாத் திகிலில் கண்ணை மூடிக்கொண்டால் காட்சி கடந்துவிடும், இங்கே நாம் புரட்டாமல் எதுவும் வருவதில்லை.

சில ஆண்டுகளில் இட்டோ பல் வேலையை விட்டார். ‘உசுமாகி’ உள்ளிட்ட பெரிய படைப்புகள் பின்னால் வந்தன. தோமியே கதைகள் 2000 வரை தொடர்ந்தன, திரைப்படங்களும் ஆயின. முதல் கதையின் ஓவியம் கரடுமுரடானது. பிந்தைய தோமியேவின் அழகு அதில் இல்லை. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொண்டு, அந்த முதல் கதையிலிருந்தே தொடங்குங்கள்.