தங்கமீனின் வரலாறும் வாழ்க்கை முறையும்

சிங்கப்பூருக்குப் போய்வரும் நம் தோட்டத்து மக்கள் சிராங்கூன் சாலை நகைக்கடைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அதே நகரத்தில் உயிருள்ள தங்கம் ஒன்றும் விலைக்குக் கிடைக்கிறது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். அதுதான் தங்கமீன். இந்தச் சிறிய உயிரின் வரலாற்றையும் வாழ்க்கை முறையையும் இன்று நாம் அறிந்துகொள்வோம்.

தங்கமீன் காட்டில் தானாகத் தோன்றிய மீன் அன்று. மனிதன் உண்டாக்கிய மீன். இதன் மூதாதை சீன நாட்டுக் குளங்களில் வாழ்ந்த, சாம்பல் நிறமுடைய ஒருவகைக் கெண்டை. அவற்றுள் எப்போதோ ஒன்று செம்மஞ்சள் நிறத்தோடு பிறக்கும். கி.பி. 960 முதல் 1279 வரை ஆண்ட சோங் மரபினர் காலத்தில் இத்தகைய மீன்களைத் தனிக் குளங்களில் வைத்துப் பெருக்கினார்கள். 1368-இல் தொடங்கிய மிங் மரபினர் காலத்தில் மீன் குளத்தைவிட்டு வீட்டுச் சாடிக்குள் வந்தது. சாடியிலுள்ள மீனை மேலிருந்துதானே பார்க்க முடியும்? ஆகவே மேலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும் இரட்டை வாலும் பருத்த உடலும் கொண்ட மீன்களையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பின்னர் இது ஜப்பானுக்கும், 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் சென்றது. சீன மொழியில் தங்கமீனின் பெயர் செல்வப் பெருக்கைக் குறிக்கும் சொற்களைப் போல ஒலிக்கும். அதனால் இது மங்கலப் பொருளாகவும் ஆயிற்று.

சிங்கப்பூரில் 1955-இல் கேனிங் குன்றின் அடிவாரத்தில் வான் கிளீஃப் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1991-இல் மூடப்படும்வரை எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் அங்கே மீன்களைக் கண்டு வியந்தனர். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் மக்கள் கம்பத்து வீடுகளைவிட்டு அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கே பூனை வளர்ப்பதற்கு நெடுங்காலம் தடை இருந்தது; 2024 செப்டம்பரில்தான் அது நீங்கியது. மீன் தொட்டிக்கோ தடையில்லை. இன்னொரு பக்கம், அலங்கார மீன்களை வளர்த்தும் அண்டை நாடுகளிலிருந்து வாங்கியும் உலகெங்கும் அனுப்பும் பெரிய வணிகத் தலமாகச் சிங்கப்பூர் வளர்ந்தது.

மீன் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அதன் நடத்தை நமக்கு விளங்குகிறதா? தொட்டியில் ஒரு மீன் மற்றொன்றை ஓயாமல் துரத்தினால் "சண்டை போடுகின்றன" என்கிறோம். செவுளில் வெண்புள்ளி தெரிந்தால் "நோய்" என்று மருந்தை ஊற்றுகிறோம். அறியாமையால் பல மீன்கள் வீணே மாண்டுபோகின்றன.

தங்கமீன் கூட்டமாக வாழும் இனம். அது இடம் பிடித்துக் காவல் காப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மேய்ந்து திரியும். அதற்கு நினைவே இல்லை என்பது தவறான எண்ணம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1960-களில் பெர்னார்ட் அக்ரனோஃப் என்னும் அறிஞர் தங்கமீன்களுக்குப் பாடம் கற்பித்து, நினைவு மூளையில் எவ்வாறு பதிகிறது என்பதையே ஆராய்ந்தார்.

இனி இனப்பெருக்கத்தைக் காண்போம். குளிர்நாடுகளில் வசந்த காலத்தில் நீர் சூடேறும்போது இம்மீன் முட்டையிடும். அப்போது ஆண் மீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் வெண்ணிறச் சிறு முளைகள் தோன்றும். இது நோயன்று, பருவ அடையாளம். வெண்புள்ளி நோயானால் உடலெங்கும் வாலிலும் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். மீன் சோர்ந்து உடலைக் கல்லில் உரசும். இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்.

முட்டை முதிர்ந்த பெண் மீனின் வயிறு பருத்திருக்கும். ஆண் மீன்கள் அதைத் துரத்தி வயிற்றை முட்டித் தள்ளும். பெரும்பாலும் விடியற்காலையில் பெண் மீன் நீர்ச்செடிகளின்மேல் ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளைத் தூவும். ஆண் அவற்றின்மேல் விந்தைச் செலுத்தும். வெதுவெதுப்பான நீரில் 2 அல்லது 3 நாட்களில் குஞ்சு பொரியும். குஞ்சுகள் முதலில் மங்கிய நிறத்தில் மூதாதையைப் போலவே இருக்கும்; பொன்னிறம் பிறகுதான் வரும்.

பெண் மீன் ஆயத்தமாகிவிட்டதை ஆண் எப்படி அறிகிறது? கண்ணால் மட்டுமன்று. பெண்ணின் உடலில் சுரக்கும் ஒருவகை இயக்குநீர் தண்ணீரில் கலந்து, ஆணின் மூக்குக்கு எட்டி, அதன் உடலையும் ஆயத்தமாக்குகிறது. கனடாவில் நார்மன் ஸ்டேசி முதலியோர் இதனை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்டனர். நம் கண்ணுக்கு வெறும் தண்ணீர். மீனுக்கோ அது செய்தி சுமந்துவரும் கடிதம்.

பறவை தொட்டும், மீன் பார்த்தும், ஆமை நினைத்தும் குஞ்சு பொரிக்கும் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அருளை விளக்க வந்த அழகிய உவமை அது. தங்கமீனோ இட்ட முட்டையைத் தானே தின்றுவிடும்! அது கொடுமையன்று, இயல்பு. நம் பிள்ளைகள் அல்லூரில் பிடிக்கும் சண்டைமீனில் தகப்பன் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். சிங்கப்பூர்ச் சாக்கடைகளில் திரியும் கப்பி மீன் குஞ்சாகவே ஈனும். மீனுக்கு மீன் குடும்ப முறை வேறு.

ஆகவே மீன் வளர்ப்போர் சிலவற்றைக் கருத வேண்டும். வட்டமான சிறு கண்ணாடிக் கிண்ணம் போதாது. துரத்தப்படும் பெண் மீனுக்கு ஒதுங்க இடம் வேண்டும். பெண் களைத்துப்போனால் ஆணைப் பிரித்து வையுங்கள். குஞ்சு வேண்டுமானால், முட்டை ஒட்டிய செடியை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் செவுளைத் தாக்கும். அதை நீக்கியபின்பே நீரை ஊற்றுங்கள்.

மீன் பெருகிவிட்டதென்று ஆற்றிலோ குட்டையிலோ விட்டுவிடாதீர்கள். அது அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கும். மற்ற மீன்களின் முட்டைகளையும் தின்னும். சிங்கப்பூரில் பூங்காக்களிலும் நீர்த்தேக்கங்களிலும் அனுமதியின்றி விலங்குகளை விடுவது குற்றம். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் குட்டைகளுக்கும் அதே நியாயந்தான்.

இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, அதாவது 43 ஆண்டுகள் வாழ்ந்தது. ஒரு மீனை வாங்குமுன், இத்தனை காலம் இதைக் காப்பாற்ற நம்மால் இயலுமா என்று குடும்பத்தோடு கலந்து பேசுங்கள். இயலும் என்றால் வாங்குங்கள். இயலாதென்றால் கடையிலேயே கண்டு மகிழ்ந்து வாருங்கள்.