ஓய்வு நாளும் மிகைக்கூலியும்

புதுவை நகரத்துப் பெரிய மார்க்கெட்டைச் சூழ்ந்த வீதிகளிலே பட்டறை வைத்து வாழும் நம்மவர்க்கும், அவர்பால் வேலை கொடுக்க வருவோர்க்கும் இடையே அடிக்கடி எழும் வழக்கு ஒன்றுண்டு. ஞாயிற்றுக்கிழமையிலேனும் பண்டிகை நாளிலேனும் ஒருவர் பட்டறையைத் திறந்து வேலை முடித்துக் கொடுத்து, வழக்கமான கூலிக்கு மேல் கேட்பாராயின், “நேற்றைக்கு ஒரு கூலி, இன்றைக்கு ஒரு கூலியா? இரும்பும் அதே இரும்பு, கையும் அதே கைதானே?” என்று வந்தவர் வினவுகின்றனர். வினா நேரியதே. அதற்கு விடை வரலாற்றிலே கிடக்கின்றது. நம் விசுவகர்மகுலத்து அன்பர்கள் அதனை அறிந்து கொள்ளுதல் நலமென்று கருதி ஈண்டுச் சிறிது எழுதப் புகுந்தோம்.

கோயிலையும் ஊரையும் சார்ந்து வாழ்ந்த பண்டைக் கம்மியரிடையே இவ்வழக்கு எழ இடமில்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலிலே முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுக்கள், அக்கோயிற் பணியாளர்க்கு அளித்த ஊதியத்தைப் பங்கு பங்காக வகுத்துக் கூறுகின்றன. தச்சரும் தட்டாரும் கன்னாரும் அப்பட்டியலில் இடம் பெற்றுள்ளனர். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஊர்களிலோ, கொல்லனும் தச்சனும் அறுவடைக் காலத்தில் களத்திலேயே தம் பங்கு நெல்லைப் பெற்றனர். அதனை மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கினர். ஊதியம் ஆண்டுக்கு உரியதாகலின், உழுது கொண்டிருக்கும்போது ஒருவன் கலப்பை முறிந்ததாயின் அதனைச் செப்பனிடுதற்குத் தனிக்கூலி பேசுவாரில்லை. ஓய்வு நாளைத் தொழில் மரபே வரையறுத்தது. அமாவாசையன்று கருவியைத் தொடாத வழக்கம் பல ஊர்களில் இருந்தது. ஆயுத பூசை நாளிலோ, எத்துணைப் பொருள் கொடுப்பதாயினும் உளியும் சுத்தியலும் பூசையிலிருந்து எழா.

நகரங்கள் பெருகிக் களத்து நெல் போய் நாட்கூலி வந்தபோது இந்நிலை மாறிற்று. நாளை எண்ணிக் கூலி பெறுபவனுக்கு ஓய்வு நாள் என்பது கூலியில்லாத நாளாயிற்று. ஓய்ந்தால் அடுப்பு எரியாது. ஓயாவிடின் உடம்பு தாங்காது. இவ்விரண்டினிடையே அகப்பட்ட தொழிலாளர் துயரம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

புதுவையை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சியர் நாட்டையே எடுத்துக் கொள்வோம். 1793-இல் புரட்சி அரசினர் ஏழு நாள் வாரத்தை நீக்கிப் பத்து நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்று புதிய பஞ்சாங்கம் வகுத்தனர். மக்கள் அதனை விரும்பிற்றிலர். 1806-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பஞ்சாங்கம் கைவிடப்பட்டது. 1814-இல் ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தடுத்து ஒரு சட்டம் வந்தது. 1880-இல் அதுவும் நீக்கப்பட்டது. பின்னர் 1906 ஜூலை 13-இல்தான் வாரந்தோறும் 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் நிலைபெற்றது. சமயத்தின் பெயரால் பிறந்த ஓய்வு, தொழிலாளர் உரிமையின் பெயரால் மீண்டும் பிறந்தது என்க. நம் நாட்டிலும் பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்காக நாராயண் மேகாஜி லோகண்டே என்பார் பல்லாண்டு முயன்றதன் பயனாகவே, 1890 ஜூன் 10-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

புதுவையில் நிகழ்ந்ததோ குருதி தோய்ந்த வரலாறு. 1936 ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டுத் தொழிலாளர் வாரத்திற்கு 40 மணி வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் சட்டத்தால் பெற்றனர். மறு மாதமே, அதே கொடியின் கீழ் வாழ்ந்த புதுவைத் தொழிலாளர் வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டு நின்றபோது பெற்றது துப்பாக்கிக் குண்டு. 1936 ஜூலை 30-இல் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுடப்பட்டு மாண்டனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, 1937 ஏப்ரல் 6-ஆம் நாள் ஆணையினால் எட்டு மணி வேலை முறை பிரெஞ்சிந்தியாவிற்கு வந்தது. ஆசியாவிலே இதுவே முதலாவது என்று புதுவையார் பெருமிதத்தோடு கூறுவர். ஓய்வுக்கு விலை உண்டு என்பதை இந்நகரம் அறிந்தது போல் அறிந்த நகரம் சிலவே.

இனி, இரட்டைக் கூலியின் கருத்தை ஆராய்வோம். 1948-இல் இந்திய அரசு இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், நாளொன்றுக்கு 9 மணிக்கோ வாரத்திற்கு 48 மணிக்கோ மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு கூலி கொடுக்க வேண்டும் என்று விதித்தது. வார விடுமுறை தவறினால் அதற்கு ஈடாக வேறு நாள் விட வேண்டும் என்றும் கூறிற்று. இதன் உட்கருத்து யாது? தொழிலாளியைச் செல்வனாக்குதல் அன்று. ஓய்வு நேரத்தைக் கேட்கும் முதலாளி ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதே. ஆகவே மிகைக்கூலி என்பது ஓய்வைச் சுற்றிக் கட்டிய வேலி. “இரும்பும் அதே இரும்பு” என்பார்க்கு நாம் கூறும் விடையும் இதுவே. இரும்பு அதுதான், கையும் அதுதான், நாள் வேறு. அந்நாள் தொழிலாளியின் மனைவி மக்களுக்கு உரியது. அதனை வாங்குவோர் விலை கொடுத்தல் முறை.

ஆனால் வேலியை வாயிலாக்கிக் கொள்வோரும் நம்மிடையே உளர். சட்டம் ஆலைக்கு உரியது. தன் பட்டறையில் தானே முதலாளியும் தொழிலாளியுமாய் இருப்பவனைக் கேட்பாரில்லை. மிகைக்கூலி கிடைக்கின்றதென்று ஞாயிறுதோறும் பட்டறையைத் திறப்பவர், ஓய்வை விற்று ஒழித்தவராவரேயன்றி அதனைக் காத்தவராகார். அதனினும் கொடிது மற்றொன்று. வந்தவரிடம் ஒன்றரை மடங்கு வாங்கிக்கொண்டு, உடன் நின்று உழைத்த கையாளுக்கும் தொழில் பழகும் பையனுக்கும் பழைய நாட்கூலியையே கொடுக்கும் பட்டறைக்காரரை நாம் அறிவோம். அவர் கேட்ட மிகைக்கூலிக்கு நியாயம் யாது? விடுமுறையை இழந்தவர் இருவராயின் விலையும் இருவர்க்கும் உரியதன்றோ?

ஆதலின் நம் சங்கத்தார் ஆராய்ந்து முடிவு செய்தற் பொருட்டுச் சில நெறிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, கருவியைத் தொடுமுன் கூலியைச் சொல்லுக. வேலை முடிந்தபின் சொல்லுவது வழிப்பறியோடு ஒக்கும். இரண்டாவது, செல்வர்க்கும் எளியவர்க்கும் கூலி ஒன்றாக இருக்க. மூன்றாவது, மிகையாகப் பெற்றதில் கையாட்களுக்கு உரிய பங்கை அன்றே கொடுக்க. நான்காவது, ஞாயிற்றில் உழைத்தவர் அவ்வாரத்திலேயே வேறொரு நாள் பட்டறையைச் சாத்துக. மகாத்மா காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுச் சந்தையை நம்பி வாழ்வோர்க்கு ஞாயிறே பிழைப்பு நாள். அவர்க்கு ஓய்வு நாள் வேறாகலின், மிகை கேட்டற்கு உரிய நாளும் வேறாம். ஐந்தாவது, இழவு வீட்டு வேலைக்கும், பூட்டிய அறைக்குள் குழந்தை அகப்பட்டது போன்ற ஆபத்துக்கும் எந்நாளிலும் மிகை கேளாதிருக்க. களத்து நெல் வாங்கிய நம் முன்னோர் கடமை இவ்விடத்திலாவது எஞ்சியிருத்தல் வேண்டும்.

உழைப்பைக் குறைத்து மதிப்பவரிடம் வாதாடுதல் எளிது. நம் பட்டறையிலே நம்மை நம்பி நிற்பவன் கூலியைக் குறையாது கொடுத்தல் அரிது. அரியதைச் செய்தவர் எளியதைக் கேட்கும்போது ஊரார் மறுக்கமாட்டார் என்பது நம் துணிபு.