எட்டாம் மாதம்

சென்ற வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. ஐந்து மாதம் முடிவதற்குள் அதற்கு எல்லா நற்குணங்களும் வந்துவிட்டன. 'உட்கார்' என்றால் உட்காரும். 'வா' என்றால் காது இரண்டும் பறக்க ஓடி வரும். வந்த விருந்தாளிகளிடமெல்லாம் நான் பெருமையடித்துக் கொண்டதுண்டு. எட்டாவது மாதம் பிறந்ததோ இல்லையோ, எல்லாம் தலைகீழாகிவிட்டது! 'வா' என்றால் ஒரு முறை திரும்பிப் பார்க்கும். பிறகு நிதானமாக வேலிப் பக்கம் நடந்துவிடும். என் புதுச் செருப்பு ஒன்றும் அதன் பல்லுக்குப் பலியாயிற்று.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், ஸார். நாலு போடு போடுங்கள், கேட்காவிட்டால் ஊருக்கு வெளியே கொண்டு விட்டுவிடுங்கள்" என்று எதிர்வீட்டு நண்பர் யோசனை சொன்னார்.

கதை எழுதுகிறவனுக்கு அவன் படைத்த பாத்திரங்களே சொன்னபடி கேட்பதில்லை. நாய் எங்கே கேட்கப் போகிறது என்று நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மூலையிலிருந்த பிரம்பை எடுத்து அடித்துவிட்டேன். அது கத்தவில்லை, மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அன்றிரவு தூக்கம் வராமல் புத்தகங்களைப் புரட்டியபோதுதான், இந்த வழக்கு ஏறக்குறைய 2,400 வருஷங்களாக நடந்து வருவது தெரிந்தது.

கிரேக்க நாட்டில் ஸெனஃபன் என்று ஒருவர் இருந்தார். போர்வீரர், சரித்திர ஆசிரியர். யுத்தங்கள் முடிந்தபின் ஒலிம்பியாவுக்கு அருகில் ஒரு பண்ணையில் குடியேறி, மக்களோடு வேட்டையாடி வாழ்ந்தவர். அவர் பெயரில் வேட்டை நாய்களைப் பற்றிய நூலொன்று வழங்குகிறது. அதில் வயதுக் கணக்கே இருக்கிறது! பெண் குட்டியை எட்டாம் மாதத்திலும் ஆண் குட்டியைப் பத்தாம் மாதத்திலும் வேட்டைக்குப் பழக்கலாமாம். ஆனால் உடனே அவிழ்த்து விட்டுவிடக் கூடாது. நீண்ட கயிற்றில் பிடித்தபடி, மோப்பம் பிடித்துப் போகும் தேர்ந்த நாய்களின் பின்னால் நடத்த வேண்டும். முயலைக் கண்டதும் விட்டுவிட்டால், உடம்பு இறுகாத குட்டி சக்திக்கு மீறி ஓடிக் கெட்டுப்போகும். வலை கட்டியிருக்கும் இடத்திலேயே சோறு போட வேண்டும். வழி தவறிய குட்டியும் சோற்றை நினைத்து அங்கே திரும்பி வரும். கூடுமானவரை எஜமானனே தன் கையால் சோறிடுவது நல்லது. பிரம்பைத் தேடிய எனக்கு அந்தக் கிழவர் கயிற்றையும் சோற்றையும் காட்டினார்.

இடையில் நெடுங்காலம் உலகம் பிரம்பின் கட்சியில்தான் இருந்திருக்கிறது. ஆங்கில வேட்டைக்காரர்கள் நாயைப் பழக்குவதற்கு வழங்கிய சொல்லின் நேர்ப் பொருள் 'உடைத்தல்' என்பதே. 1848-ல் ஹட்சின்ஸன் என்ற ராணுவ அதிகாரி அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துக்கொண்டு, உள்ளே அன்பையும் பொறுமையையும் உபதேசித்தார். 1910-ல் ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் எழுதிய நூல் இன்னும் கூர்மையானது. நாய்க்கு நம்முடைய நியாய அநியாயங்கள் தெரியாது. வேண்டுமென்று 'துரோகம்' செய்ய அதற்கு வராது என்றார் அவர். இவ்வளவு தெளிந்த மனிதர் முள் வைத்த கழுத்துப் பட்டையையும் விடவில்லை என்பதுதான் வேடிக்கை.

முதல் உலக யுத்தத்தில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க, 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பள்ளி ஏற்பட்டது. ஜெர்மானியரின் இந்த முயற்சியைப் பற்றி, ஸ்விட்ஜர்லாந்தில் வசித்த டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்க மாது 1927-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படிக்கக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க் என்ற கண்ணிழந்த வாலிபர் 1928-ல் கடல் கடந்து போய், 'பட்டி' என்ற பெண் நாயோடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது 20. நியூயார்க்கின் போக்குவரத்து மிகுந்த வீதியொன்றை அந்த நாயை நம்பிக் கடந்து காட்டினார். மறு வருஷமே அமெரிக்காவிலும் அத்தகைய பள்ளி தோன்றியது.

இத்தகைய நாய்க்குக் கீழ்ப்படிதல் மட்டும் போதாது. கார் வருகிற வேளையில் எஜமானன் 'முன்னே போ' என்றால், அது போகக் கூடாது! சொன்ன சொல்லைத் தட்டவும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் படித்தபோது நான் பிரம்பை நினைத்துக் கொண்டேன்.

பள்ளிப் படிப்புக்கு ஒரு வயதாவது ஆக வேண்டும். அதற்கு முந்திய பொல்லாத மாதங்களைக் குட்டி எங்கே கழிப்பது? கொட்டிலில் வளர்ந்தால் தெருவைக் கண்டு மிரளும். ஆகவே 1942 முதல் அமெரிக்கப் பள்ளி, கிராமத்துப் பிள்ளைகளிடம் குட்டிகளை வளர்க்கக் கொடுத்தது. இங்கிலாந்தில் 1956-ல் இந்த ஏற்பாடு வந்தது. செருப்புக் கடிக்கும் பருவம் குடும்பங்களின் தலையில் விழுந்தது. அவர்களும் மனமுவந்து ஏற்றார்கள்.

அப்படி வீடுகளில் வளர்ந்த குட்டிகளை வைத்துத்தான் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 69 நாய்களிடம் ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் 'உட்கார்' என்று சொல்லிப் பார்த்தார்கள். எட்டாம் மாதத்தில் வளர்த்தவர் சொன்னால் முரண்டு அதிகம். அந்நியர் சொன்னால் அப்படியில்லை! வளர்த்தவரைப் பிரிந்தால் தவிக்கும் குட்டிகளிடம் இந்த முரண்டு கூடுதலாகவே இருந்ததாம். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடுகிறதாம். நண்பர் சொன்னபடி ஊருக்கு வெளியே விடப்படும் நாய்கள் பல, இன்னும் நாலே மாதம் பொறுக்காத வீடுகளிலிருந்து போனவையாக இருக்கலாம்.

நான் நீளமான கயிறு ஒன்று வாங்கினேன். சோற்றை நானே வைக்கத் தொடங்கினேன். பிரம்பை முறித்து அடுப்பில் போட்டாயிற்று.

போன வாரம் வேலிப் பக்கம் நின்றதைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது, சற்று யோசித்தது, வந்தது. ஆனால் பிரம்பு சாத்தியிருந்த அந்த மூலையை மட்டும் இன்றும் விலகிச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.